சரிவில் நிற்கும் வண்டி: கல்லை நம்பலாமா?

கேள்வி: கோத்தகிரியில் சரிவான தெரு ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மினி லாரி இரண்டடி பின்னால் நழுவிவிட்டது. அன்றிலிருந்து டிரைவர் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். இது போதுமா? எதிர்வரிசையிலும் வண்டிகள் நிற்பதால் பஸ் வந்தால் சிக்கிக்கொள்கிறது. கடை முன் கயிறு கட்டி இடம் பிடித்து வைக்கலாமா?

பதில்: கல்லும் போதாது, கயிறும் கூடாது. முதலில் வண்டி ஏன் நழுவியது என்று பார்த்துவிடுவோம்.

சரக்கோடு 1,500 கிலோ இருக்கும் வண்டி, பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் நின்றால், சுமார் 150 கிலோ பாரம் அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஐம்பது கிலோ மூட்டை மூன்றைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டு நிறுத்தினால் அந்தப் பாரம் முழுவதும் கேபிளின் தலையில்தான். கேபிளோ நாள்பட நீளும். லிவரை இழுக்கும்போது 'கடக் கடக்' சத்தத்தை எண்ணுங்கள். வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும், பொதுவாக ஐந்திலிருந்து எட்டுக்குள் இறுகிவிட வேண்டும். பத்தைத் தாண்டினால் ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். ஆட்கள் பின்னால் ஏறி இறங்கும் குலுக்கலில், அரைகுறையாகப் பிடித்திருக்கும் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். உங்கள் கடை முன்பு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். கால் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்துக் காலை மெல்ல எடுங்கள். வண்டி அசையாமல் நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நின்றால் மறுபடி மிதித்து, இன்ஜினை அணைத்து, கியர் போடுங்கள்: மூக்கு மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். பலர் கியரைப் போட்டுவிட்டுக் கடைசியில் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறார்கள். அப்போது பிரேக் பிடிக்கிறதா என்பதே தெரியாது, பாரமெல்லாம் கியரில் நிற்கும். பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள கார்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு: மலை இறங்கி வந்த சூட்டில் நிறுத்தினால், டிஸ்க் ஆறியபின் பிடி தளரலாம். பத்து நிமிஷம் கழித்து ஹேண்ட்பிரேக்கை இன்னொரு 'கடக்' இழுத்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது? வண்டி நழுவினால் எங்கே போய் நிற்கும் என்று மனதில் ஓட்டிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். இடது ஓரம், இறக்கம் பார்த்து நின்றால் இடதுபக்கம் திருப்புங்கள். ஏற்றம் பார்த்து, உயரமான நடைபாதை விளிம்பும் இருந்தால் வலதுபக்கம். பின்னால் நழுவும்போது முன் டயர் விளிம்பில் முட்டி நின்றுவிடும். விளிம்பு இல்லாமல் இடதுபுறம் மலைச்சுவர் இருந்தால் இடதுபக்கம். ஒரு சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கினால் நஷ்டம்தான், ஆனால் வண்டி தெருக்கோடி வரை ஓடுவதைவிட மேல். இடதுபுறம் தடுப்பில்லாத பள்ளம் என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் தவறு, அங்கே நிறுத்தவே வேண்டாம். பள்ளத்தோரம் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ, தடுப்புக் கம்பி சாய்ந்திருந்தாலோ, அடியில் மண் கரைந்திருக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

இனி அந்தக் கல். ஒழுங்கற்ற கல் டயரைப் புள்ளியில்தான் தொடும்; ஈரத் தாரில் சறுக்கும், அல்லது டயர் அதன்மேல் ஏறிவிடும். அதைவிட மோசம், புறப்படும்போது கல்லை நடுரோட்டில் விட்டுப் போவது. மூடுபனியில் பைக் ஓட்டி வருபவர் கண்ணுக்கு அது தெரியாது. பதிலாக தைல மரத்தில் ஆப்பு வடிவில் இரண்டு முட்டுக்கட்டை செய்துகொள்ளுங்கள். உயரம் சக்கர உயரத்தில் கால்பங்கு வேண்டும். சிறிய மினி லாரிக்கு 14 செ.மீ. உயரம், 15 செ.மீ. அகலம், 23 செ.மீ. நீளம் சரியாக வரும். அடியில் பழைய டயர் துண்டை ஆணியடித்தால் வழுக்காது. ஒன்றரை மீட்டர் கயிறு கட்டுங்கள். இரண்டு பின் சக்கரத்துக்கும் பள்ளத்துப் பக்கம் இறுக்கி வைக்க வேண்டும். எடுக்கும்போது வண்டியை ஓர் அங்குலம் மேட்டுப்பக்கம் நகர்த்தி, பக்கவாட்டில் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கலாம். யாரும் சக்கரத்துக்குப் பின்னால் குனியவே கூடாது.

மூட்டை இறக்கும் வண்டியை, முடிந்தவரை மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தச் சொல்லுங்கள். பின்கதவு மேட்டுப்பக்கம் இருக்கும். நழுவினாலும் இறக்குகிற ஆட்களை விட்டு விலகித்தான் போகும்.

பஸ் சிக்குவது வெறும் கணக்கு. தெரு 6 மீட்டர் என்று வையுங்கள். இருபுறமும் 1.8 மீட்டர் அகல வண்டிகள், ஓரத்தில் 20 செ.மீ. இடைவெளி விட்டு நின்றால், நடுவில் மிஞ்சுவது 2 மீட்டர். பஸ்ஸின் அகலமே இரண்டரை மீட்டர் வரை வரும். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 4 மீட்டர் கிடைக்கும், ஆம்புலன்ஸும் போகலாம். வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் உள்ளே வெட்டும் என்பதால் உள்வளைவில் சுத்தமாக நிறுத்தக்கூடாது. பைக்குகள் மூக்கை மேட்டுப்பக்கம் வைத்து முதல் கியரில் நிற்கட்டும். இறக்கம் பார்த்து நின்றால் வண்டி முன்னால் உருண்டு சைடு ஸ்டாண்டு மடங்கிவிடும். கியரில்லாத ஸ்கூட்டருக்கு நடு ஸ்டாண்டு.

கயிறு விஷயம்: சாலை கடைக்காரருக்குச் சொந்தமில்லை, கயிறும் கல்லும் ஒரு இடையூறுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 122-ஆம் பிரிவு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. ஓட்டுநர் இல்லாத வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டிருக்க வேண்டும் என்கிறது 126. நிறுத்துமிடம் குறிக்கும் அதிகாரம் 117-இல், உள்ளாட்சியைக் கலந்துதான். ஆகவே தெருக்காரர்கள் கையெழுத்திட்டு, அகலத்தை டேப்பில் அளந்து, ஒருபக்கப் பார்க்கிங்கும் சரக்கிறக்க நேரமும் கேட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கும் போக்குவரத்துப் போலீஸுக்கும் ஒரே மனுவாகக் கொடுங்கள். போர்டு வரும்வரை, பள்ளிப் பிள்ளைகள் நடமாட்டம் தொடங்குமுன் காலை 8 மணிக்குள் சரக்கை இறக்கிவிடுவதென்று பக்கத்துக் கடைகளோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்; ஒரே நேரத்தில் இரண்டு லாரி வரவேண்டாம்.