கண்ணாடி மேசையும் பிஞ்சுக் கைகளும்

கேள்வி: வீட்டில் 2, 4 வயதுப் பிள்ளைகள். கண்ணாடி டைனிங் டேபிள் வாங்கலாமா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: டஃபன்டு கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கியது) என்றால் வாங்கலாம். 12 மி.மீ. தடிமன் கேளுங்கள், மூலையில் ஐ.எஸ். 2553 (பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா பாருங்கள். சாதாரணக் கண்ணாடி கத்திபோல் நீளமாக உடையும். டஃபன்டு கற்கண்டுபோல் உதிரும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் வகையில் சில்லுகள் படலத்தோடு ஒட்டியே நிற்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவே மேல்.

டஃபன்டுக்குப் பலவீனம் விளிம்புதான். எவர்சில்வர் சொம்பு இடித்து ஓரத்தில் சில்லு பெயர்ந்துவிட்டால், தேய்த்துச் சரிசெய்ய முடியாது, உடனே மாற்றிவிடுங்கள். மூலைகள் வளைவாக இருக்கட்டும். குழந்தை ஓரத்தைப் பிடித்துத் தொங்கும்; வெறுமனே ரப்பர் பொத்தான்மேல் வைத்த கண்ணாடி சரியும், சட்டத்தில் பதித்ததையே வாங்குங்கள். உங்கள் கடற்காற்றுக்கு இரும்புக் கால் சீக்கிரம் துருப்பிடிக்கும், மரக்கால் நல்லது.