பாண்டில விக்கிற மாட்டுக்கறி ஹார்மோன் ஊசி போட்டு வளத்ததா? பொம்பளப் புள்ளைக்கு குடுக்கலாமா?

குடுக்கலாம், நல்லா வேக வெச்சு குடுங்க. நான் கடலூர் பக்கம் கால்நடை டாக்டர், படிச்சது பாண்டி குரும்பாபேட் காலேஜ்ல. இந்தக் கேள்விய மாடு வளக்கறவங்க யாரும் எங்கிட்ட கேட்டதில்ல, கறி வாங்கறவங்கதான் கேக்கறாங்க.

ஹார்மோன் வெச்சு மாடு வளக்கறது பொய் இல்லைங்க, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியால நெசமாவே நடக்குது. ஆனா பெரும்பாலும் ஊசி இல்ல. காது மடலுக்குப் பின்னாடி தோலுக்கடியில குட்டி மாத்திரைங்கள ஒரு கருவியால செருகி விட்டுடுவாங்க, அது மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கரையும், அறுக்கும்போது அந்தக் காத தூக்கிப் போட்டுடுவாங்க. உள்ள இருக்கறது எஸ்ட்ராடியோல் (எஸ்ட்ரோஜன்னு சொல்ற பொம்பள ஹார்மோன்ல ஒண்ணு), டெஸ்டோஸ்டிரோன் (ஆம்பள ஹார்மோன்), இல்லனா ட்ரென்போலோன் அசிடேட்னு ஒரு செயற்கை சரக்கு. எஸ்ட்ராடியோல் மாட்டோட சொந்த வளர்ச்சி ஹார்மோன ஏத்தி விடும், ட்ரென்போலோன் தசை கரையறத கொறைக்கும், அதனால தின்ன தீனி கொழுப்பாப் போகாம சதையாப் போகும். தினசரி எடை ஏறறது 10-லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் கூடும், தீனிச் செலவும் கொறையும், அவங்களுக்கு லாபமே அங்கதான்.

கறில என்ன மாறும்னா சதை கூடும், கொழுப்பு கொறையும், குறிப்பா சதைக்குள்ள வெள்ளையா இழை இழையா ஓடுமே அந்தக் கொழுப்பு கொறையும், கறியும் கொஞ்சம் கடினமா ஆகலாம். அதே அளவு கொழுப்பு வர்ற வரைக்கும் விட்டு வளத்தா மாடு 25-லேர்ந்து 45 கிலோ வரைக்கும் கூடுதலா நிக்கும், அப்ப கறில பெரிய வித்தியாசம் தெரியாது.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. அந்த மாத்திரை வேலை செய்யணும்னா வளர்ற எள மாடா இருக்கணும், மக்காச்சோளம் மாதிரி தீனி வயிறு முட்ட போடணும். அங்க ஒன்றரை வயசு, மிஞ்சிப்போனா ரெண்டு வயசுல அறுத்துடறாங்க. தமிழ்நாட்டுல 1958-ம் வருஷ சட்டப்படி 10 வயசு தாண்டி உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாடு, இல்லனா அடிபட்டு நெரந்தரமா முடங்கின மாடுன்னு சர்டிபிகேட் குடுத்தாதான் அறுக்கலாம். கறிக்கு வர்ற மாட்டோட கீழ் ஒதட்ட இழுத்துப் பாத்தா, கடை சேந்து, அதாவது எல்லாப் பல்லும் மொளச்சு முடிஞ்சு, வருஷக்கணக்காயி, பல்லு தேஞ்சு மொட்டையா, நடுவுல சந்து விழுந்து கெடக்கும். வைக்கோலத் தின்னு ஏர் இழுத்த அந்தக் கெழட்டு மாட்டுக்கு எவன் காசு போட்டு ஹார்மோன் வெப்பான்? உங்க குக்கர் எட்டு விசில் கேக்கறதுக்கு காரணம் வயசுதான், பப்பாளிக்காய் போட்டு ஊற வெச்சா சீக்கிரம் வேகும்.

எங்க தெருவுல சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் பிரான்ஸ்ல இந்தக் கறிய உள்ளயே விடமாட்டாங்கன்னு பெருமையா சொல்லுவாரு. உண்மைதான், ஹார்மோன் போட்டு வளத்த கறிக்கு ஐரோப்பால 1989-லேர்ந்து தடை, எஸ்ட்ராடியோல் புற்றுநோய் உண்டாக்கும்ங்கறது அவங்க நிலைப்பாடு. அமெரிக்காக்காரன் கேஸ் போட்டு, அந்தத் தடைக்கு ஆய்வு ஆதாரம் போதலன்னு 1998-ல உலக வர்த்தக அமைப்புல தீர்ப்பும் வாங்கினான், இருந்தாலும் இவங்க தடைய எடுக்கல.

புள்ள சீக்கிரம் வயசுக்கு வந்துடுமோங்கற பயத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன். மருந்து வெச்ச மாட்டுக்கறி 85 கிராம்ல எஸ்ட்ரோஜன் சுமார் 2 நானோகிராம் (ஒரு கிராம நூறு கோடியா பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்), வெக்காததுலயும் 1-க்கு மேல இருக்கும். எஸ்ட்ராடியோலுக்கு சர்வதேச நிபுணர் குழு வெச்ச வரம்பு ஒரு நாளைக்கு கிலோ எடைக்கு 50 நானோகிராம், 20 கிலோ புள்ளைக்கு 1000 ஆச்சு. நான் இந்தக் கணக்க நம்பறேன், ஐரோப்பாக்காரன் ஒத்துக்கல, நம்ம கடைக் கறிக்கு அந்த சண்டையே தேவையில்ல.

பால் கறக்க போடற ஊசிய நெனச்சு கேட்டீங்கன்னா அது ஆக்ஸிடோசின், பால எறக்கி விடறதுக்கு, எடை ஏத்தாது. அதையும் டாக்டர் சொல்லாம போடறது தப்பு.

எனக்கு கவலை ஆன்டிபயாடிக்தான். மாடு சீக்கா கெடக்கும், ஊசி போடுவோம், இத்தன நாளைக்கு பாலும் கறியும் ஆகாதுன்னு சொல்லிட்டு வருவோம், தேறலன்னு தெரிஞ்சா அந்த வாரமே வியாபாரிக்கு புடிச்சு குடுத்துடுவாங்க. அந்த மருந்து வேக வெச்சாலும் முழுசா போகாது. அதனால தெனம் ஒரே எடத்துல அறுக்கற, முத்திரை போட்ட கறி விக்கிற கடையா பாத்து வாங்குங்க, ரோட்டோரம் மலிவா கெடைக்குதுன்னு வாங்காதீங்க.