வயிற்றில் நீர் இருந்தால் குறைந்த காந்தப்புல ஸ்கான் சரிவருமா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி: "அம்மாவுக்கு ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. 0.55 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைக் குறிக்கும் அலகு) மெஷினில் எம்.ஆர்.ஐ. எடுக்க நாள் கிடைத்திருக்கிறது. 'அந்தக் கொயிலுக்குச் சக்தி போதாது, படம் கறுத்துவிடும், கொழும்பில் 3 டெஸ்லாவுக்குப் பதிந்து தருகிறேன்' என்கிறார் ஒருவர். என்ன செய்யலாம்?"

அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள், சகோதரி. அவர் சொல்வது தலைகீழ். படுத்திருப்பவரைச் சுற்றியுள்ள பெரிய கொயில், அதாவது கம்பிச்சுருள்தான் ரேடியோ அலையை உடம்புக்குள் அனுப்புகிறது. 3 டெஸ்லாவில் அந்த அலையின் அதிர்வெண் 128 மெகாஹெர்ட்ஸ். உடம்புக்குள் அந்த அலையின் நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வயிற்றின் அகலமும் கிட்டத்தட்ட அதே அளவென்பதால் அலைகள் ஒன்றையொன்று அடித்துக் கறுப்புத் திட்டு விழும். ஈரலின் இடது மடலில் அதிகம். நீர் கோத்த வயிற்றில் இன்னும் மோசம். 0.55 டெஸ்லாவில் 23 மெகாஹெர்ட்ஸ்தான். அலை பல மடங்கு நீளம், அந்தத் திட்டுக்கு இடமில்லை.

குறை வேறிடத்தில். திரும்பி வரும் சமிக்ஞை மெலிது, அதனால் நேரம் கூடப் பிடிக்கும். அந்தச் சமிக்ஞையைப் பிடிக்க வயிற்றின் மேல் வைக்கும் இன்னொரு கொயில் சரியாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் அம்மாவுக்கு மூச்சு வாங்குமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"விசேஷ கொயில்" என்று தனிக் காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள். அலை அனுப்பும் கொயில் மெஷினின் சுவருக்குள் இருப்பது, ஆளுக்கொன்று மாற்றவே முடியாது. மெலிந்தவரோ பருத்தவரோ, வயிறு முழுக்க ஒரே அளவில் அலை சேரவேண்டும் என்றுதான் பொறியியலாளர்கள் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலை தொழிற்சாலையில் நடப்பது, கவுண்டரில் அல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விடமாட்டேன்: உடம்புக்குள் இருக்கும் உலோகம். "காந்தம் குறைவுதானே, பரவாயில்லை" என்பார்கள். நம்பாதீர்கள். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியின் அட்டையில் 1.5 டெஸ்லா என்றிருந்தால் அது 1.5க்கு மட்டும்தான். பேஸ்மேக்கரின் கம்பி சூடாவது அதன் நீளத்தையும் அலையின் நீளத்தையும் பொறுத்தது. காந்தம் குறைந்தால் சூடும் குறையும் என்று கணக்குப் போட முடியாது. அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனையோ கடிதங்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் என் மேசைக்கு வருகின்றன. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

தாலிக்கொடியும் காப்பும் கழற்றத்தான் வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் ரேடியோ அலை சூடாக்கும். அம்மா கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொள்ள விடாதீர்கள். மின்னோட்டம் வளையமாக ஓடி, தோல் தொடும் இடத்தில் சுட்டுவிடும். கைக்கும் இடுப்புக்கும் இடையில் மடித்த துவாய் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.