பழைய லேப்டாப்பில் அப்டேட் ஏற மறுக்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (குடியாத்தம்): 2013-இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆதரவு முடிந்த பிறகும் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கும் பதிவு செய்திருக்கிறேன். மாதாமாதம் அப்டேட் இறங்குகிறது, ரீஸ்டார்ட் ஆகி 30 சதவீதம் வரை போகிறது. பிறகு ‘அன்டூயிங் சேஞ்சஸ்’ என்று போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. கடையில் கேட்டால் ஃபார்மேட் அடிக்கச் சொல்கிறார்கள். அடித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோளாறு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், ஃபார்மேட் அடித்தாலும் அடுத்த மாதம் இதே கதைதான். காசுதான் போகும்.

முதலில் டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மேலே நீல நிறத்தில் ‘குட்’ என்று இருந்தால் சரி. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால், கீழேயுள்ள பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கித் தள்ளிய கெட்ட இடங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் இடங்கள். சி5-இல் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அப்டேட்டையே மறந்துவிட்டு, போட்டோ, பத்திரம், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸ் கருவியான ‘செக் டிஸ்க்’ ஓட்டுவதும் அதற்குப் பிறகுதான். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அது முழுக்கத் துருவும். காப்பி எடுக்கும் முன்பே டிஸ்க் உயிரை விட்டுவிடலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தால் அடுத்தது இடம். சி டிரைவில் 20 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கிளீனப் திறந்து, ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ அழுத்தினால் ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ என்ற வரி வரும். பழைய அப்டேட்களின் மிச்சம் பல ஜிபி அதில்தான் கிடக்கும். செட்டிங்ஸ் வழியாக ‘டெம்ப்ரரி ஃபைல்ஸ்’ போய்ச் சுத்தம் செய்பவர்கள் கவனிக்க: அங்கே ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் வங்கி ஸ்டேட்மென்ட் முதல் கல்யாணப் பத்திரிகை வரை போய்விடும்.

பிறகும் ஏறவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸின் கெட்டுப்போன ஃபைல்களைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்: முதலில் டிஸ்ம் ‘ரிஸ்டோர் ஹெல்த்’ (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அது முடிந்ததும் எஸ்எஃப்சி ‘ஸ்கேன் நவ்’ (sfc /scannow). இந்த வரிசையை மாற்றாதீர்கள். எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுப்பது விண்டோஸின் உள் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கைச் சரிசெய்வதுதான் டிஸ்ம். டிஸ்ம் 62.3 சதவீதத்தில் நின்றுபோனது போலத் தெரியும். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை தொடாதீர்கள்.

கடைசியாக, சர்வீசஸ் பக்கத்தில் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘பிட்ஸ்’ (பட்டியலில் ‘பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்’ என்று இருக்கும்) இரண்டையும் நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரின் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அரைகுறையாக இறங்கிய ஃபைல்கள் ஒதுங்கிவிடும், அப்டேட் புதிதாக இறங்கும். அப்டேட் ஹிஸ்டரி காலியாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

டிஸ்க்தான் கெட்டது என்றால் அதன் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), 240 அல்லது 256 ஜிபி போதும். 2013 வாக்கில் வந்த பல லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன், எஸ்எஸ்டி 7 மி.மீ. தான். நடுவில் 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் ஒட்டாவிட்டால் அது ஆடி, இணைப்பு விட்டுவிட்டு வரும். கடையில் மாற்றும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்): அப்டேட் பாதியில் இருக்கும்போது லேப்டாப் பட்டென்று அணைந்துவிடுகிறது. பேட்டரி செத்துப்போனதால் கழற்றிவிட்டு சார்ஜரில்தான் ஓட்டுகிறேன்.

பதில்: இரண்டு சந்தேகம். ஒன்று, சூடு. அப்டேட் நேரத்தில் பிராசஸர் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் உழைக்கும். ஃபேனுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே தூசி பாய் மாதிரி படிந்திருந்தால் வேலூர் வெயிலில் தாங்காது. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். சுழலவிட்டு ஊதினால் பேரிங் போய்விடும். பிராசஸர் மேல் வெப்பத்தைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்திருந்தால் துவரம்பருப்பு அளவு புதிதாக வைக்கலாம். இன்னொன்று, சார்ஜர். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் போட்டிருந்தாலும் இப்படி அணையும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால் சிறிய மின்வெட்டுக்குத் தாங்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன் லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மட்டும் பேட்டரி இல்லாமல் முயலாதீர்கள்.

ஏற்கெனவே அணைந்து, இப்போது வட்டம் மட்டும் சுற்றுகிறது என்றால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள். அசையவில்லை என்றால் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணைத்து, மறுபடி போடுங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே மூன்று முறை இப்படி அணைத்தால் ரிப்பேர் திரை வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் போய் மாதாந்திர அப்டேட்டான ‘குவாலிட்டி அப்டேட்’டை நீக்குங்கள்.

கேள்வி (ஆற்காடு): ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகிறது. அப்டேட் சர்வருடன் சேர முடியவில்லை என்கிறது.

பதில்: மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 தான். சிலவற்றில் ஒயரோடு வரும். தேதி தவறினால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், இணைப்பு அறுந்துவிடும். பேட்டரி மாற்றியபின் நீலத்திரை வந்தால் பயாஸில் டிஸ்க் இணைப்பு முறையான சாட்டா மோடைப் பாருங்கள். முன்பு ஏஹெச்சிஐ (AHCI)-யில் இருந்தது மாறியிருக்கும், பழையபடி வையுங்கள்.

கேள்வி (காட்பாடி): ஐந்தாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 ஏற்றலாமா?

பதில்: இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது விதி. குறுக்கு வழியில் ஏற்றலாம். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கான கூடுதல் பாதுகாப்பு 2026 அக்டோபர் 13 வரை. அதற்குப்பின் இணையமும் கடிதமும் மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம் போடுங்கள், 2029 வரை கவலை இல்லை. விண்டோஸுக்கான பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் வேலை செய்பவர் என்றால் மின்ட் சரிப்படாது. அந்த லேப்டாப்பில் விண்டோஸையே வைத்துக்கொண்டு, நெட்டை மட்டும் பிடுங்கிவிடுங்கள்.