ஸ்டுட்கார்ட் ஜன்னலோரத்துக் கருவேப்பிலை

தம்பி, கோபியிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து ரெண்டே மாசம் ஆச்சு, மல்லித்தழையும் கருவேப்பிலையும் இங்கே ஆனை விலை குதிரை விலை விக்குது, வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாமா, அம்மா வர்றப்ப ஒரு நாத்து கொண்டாரச் சொல்லட்டுமான்னு கேட்டிருந்தீங்க. நான் இங்கே வந்து 14 வருசம் ஆகுது. சொந்த ஊர் காரமடைப் பக்கம். எங்கப்பா தோட்டத்துல பாதி செங்காம்புக் கருவேப்பிலைதான்.

நாத்து மட்டும் வேண்டாங்க. 2019 டிசம்பர்ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள செடியோ பச்சைத் தழையோ கொண்டாரணும்னா தாவர நலச் சான்றிதழ் வேணும். கருவேப்பிலை எலுமிச்சை, நாரத்தைக் குடும்பம். அதுல ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சுத் தோப்பையே அழிக்கிற நோயைப் பரப்பும். ஸ்பெயின்ல தோப்பு வெச்சிருக்கறவங்களும் நம்மளாட்ட விவசாயிங்கதானே. அப்புறம், இங்கே செடிக்கடையில 'கறிக்ரவுட்'னு ஒன்னு விப்பாங்க. வெள்ளி நிறத்துல ஊசி ஊசியா இலை இருக்கும், வாசனையும் அடிக்கும். அது வேற செடிங்க, தாளிக்க ஆகாது.

இப்ப டிசம்பர். மல்லியில ஆரம்பிங்க, அதுக்குக் குளுகுளுன்னு இருந்தாத்தான் புடிக்கும். சமையலுக்கு வாங்குன முழு மல்லியே போதும், பழசா இல்லாமப் பாத்துக்குங்க. சப்பாத்திக் கட்டையில லேசா உருட்டுனா ஒவ்வொன்னும் ரெண்டாப் பொளந்துக்கும். ஒரு ராத்திரி ஊறவெச்சு, தொட்டியிலேயே நேரா அரை அங்குல ஆழத்துல தூவுங்க. புடுங்கி நட்டா சீக்கிரமே பூவுக்குப் போயிரும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலேயும் ஆகும், வெசனப்படாதீங்க. புதினாவுக்குக் கடைக் கட்டுல இருந்து நல்ல தண்டு நாலை எடுத்துத் தண்ணியில போட்டா ஒரு வாரத்துல வேர் விடும்.

மண்ணுக்குத் தோட்டச் சாமான் கடையில காஞ்ச தேங்காய்நார்க் கழிவுக் கட்டி கிடைக்கும். நம்ம பொள்ளாச்சியில இருந்து கப்பலேறுற அதே சரக்கு. அதுல சத்து கிடையாது, கம்போஸ்ட் பாதி கலந்துக்குங்க.

வெளிச்சந்தான் நெம்ப முக்கியம். ஊர்ல இந்த மாசம் பகல் பதினொன்றரை மணி நேரம், இங்கே எட்டுக்குக் கொஞ்சம் மேல. தெற்குப் பார்த்த ஜன்னலா இருந்தாலும் பத்தாது. செடி வளர்க்கிற எல்இடி விளக்கை ஒரு அடி உயரத்துல கட்டி, தினம் 12 மணி நேரம் எரிய விடுங்க.

கருவேப்பிலை விசயத்துல நான் பட்டதைச் சொல்லணும். மொதச் செடி, வந்த ரெண்டாம் வருசம் ஜனவரியில மஞ்சளாகி இலையெல்லாம் கொட்டுச்சு. வாடுதுன்னு நெனச்சு தினமும் தண்ணி ஊத்துனேன். பிப்ரவரியில தொட்டியைக் கவுத்தா வேரெல்லாம் கறுத்து, கொழகொழன்னு அழுகிக் கெடந்துது. பச்சைப்புள்ளையை இழந்தாட்டத்தான் இருந்துச்சு. அது சாகலைங்க, தூங்கிட்டு இருந்துச்சு. குளுரும் இருட்டும் சேந்தா அந்தச் செடி அப்படித்தான் ஒடுங்கிக்கும், நாந்தான் தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன். அதனால மொட்டையா நின்னாலும் நகத்தால தண்டை லேசாச் சொரண்டிப் பாருங்க. உள்ளே பச்சை தெரிஞ்சா உசுரு இருக்குது. விரலை ரெண்டு அங்குலம் உள்ளே விட்டு, ஈரமே இல்லைன்னாத்தான் ஒரு டம்ளர் தண்ணி. ஹீட்டருக்கு மேல வெச்சிராதீங்க, வறண்ட காத்துல செம்பேனு ஏறிக்கும். மார்ச் கடைசியில நுனியில துளிர் கெளம்பும், அப்பத் தண்ணியையும் உரத்தையும் கூட்டுங்க.

இப்ப என்கிட்ட இருக்கற செடிக்கு ஒன்பது வயசு, இடுப்பளவு உயரம். அரிசிம்பருப்புக்குக் கடைசியா ஒரு ஈர்க்கை உருவிப் போட்டா வீடே காரமடையாட்ட மணக்கும். அடியில பக்கக் கன்னு ரெண்டு கெளம்பியிருக்குது. மே மாசம் வாங்க, ஒன்னு வேரோட பிரிச்சுத் தர்றேன். ட்ராம்ல கொண்டு போறப்ப காத்து படாம சுத்திக்க ஒரு பெரிய பை மட்டும் எடுத்துட்டு வந்துருங்க.