கூலி குறையாது என்று முதலில் எழுதி ஒட்டுங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலை நடத்துகிறேன். தோல் உரிக்கும் பிரிவில் 40 பெண்கள். பருப்பு நிறைய உடைகிறது. ஐந்து நாளில் வேலைமுறையைத் திருத்தலாம் என்று ஆலோசகரை அழைத்துவந்து கூட்டம் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படிப் பேச வைப்பது?

பதில்: அவர்கள் பேசாமல் இருந்ததில் நியாயம் இருக்கிறது. அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், கூலி கிலோ கணக்கு. வேலை சுலபமானால் அடுத்த மாதமே கிலோ ரேட்டைக் குறைப்பார்கள் என்ற பயம் எந்தப் பெண்ணுக்கும் இருக்கும். புது முறையைப் பழகும் நாட்களில் கை ஓட்டமும் குறையும். அந்த நஷ்டம் யார் தலையில்?

அதனால் முதல் வேலை கூட்டம் அல்ல, எழுத்து. சோதனை நடக்கும் ஐந்து நாளும் போன மாதச் சராசரிக் கூலி உண்டு, இந்த மாற்றத்தைக் காட்டி ரேட்டைக் குறைக்கமாட்டோம், யாரையும் நிறுத்தமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு வாசலில் ஒட்டுங்கள். இதற்கு மனம் வராவிட்டால் திட்டத்தையே விட்டுவிடுங்கள். அரை நம்பிக்கையில் தொடங்கினால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்.

அடுத்து, ஆபீஸ் அறைக்கு அவர்களைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் போய் உரிக்கிற மேசையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், சூப்பர்வைசர் இல்லாமல். கத்தியை வாங்கி நீங்களே பத்துப் பருப்பு உரித்துப் பாருங்கள். சிலவற்றில் தோல் விரல் பட்டதும் உதிரும். சிலவற்றில் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். சுரண்டினால் பருப்பு கீறும். இன்னும் சில, தொட்டதுமே இரண்டாகப் பிளக்கும். பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் ஏன் இப்படி என்று கேளுங்கள். "இது போர்மாவில அடித்தட்டு, சார்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். போர்மா என்பது பருப்பைத் தட்டுகளில் அடுக்கிச் சூட்டில் காயவைக்கும் அறை. அதில் எல்லாத் தட்டுக்கும் சூடு ஒன்றுபோல் ஏறாது. சரியாகக் காயாத பருப்பில் தோல் ஒட்டும். அதிகம் காய்ந்தது நொறுங்கும். உடைவது உரிக்கும் மேசையில், காரணம் முந்தின பிரிவில். இதை நாள் முழுக்க விரலால் உணர்கிறவர்களைத்தான் நாம் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

320 என்ற தரத்துக்குப் பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு இருக்க வேண்டும். பிளந்துவிட்டால் விலை இறங்கிவிடும். ஆகவே தட்டுகளை மேல் கீழாக எப்போது மாற்றி வைப்பது என்பதையே முதல் சோதனையாக எடுங்கள். உரிப்பவர்களில் மூன்று பேர், போர்மாக்காரர் ஒருவர் போதும். தட்டுக்குத் தட்டு எத்தனை உடைந்தது என்று அவர்களே கரும்பலகையில் எழுதட்டும்.

ஜப்பானின் டொயோட்டாவில் தொழிலாளர் யோசனைத் திட்டம் 1951இலேயே தொடங்கிவிட்டது. அது நிலைத்ததற்கு, சொன்னவருக்குப் பதில் கிடைத்ததும் ஒரு காரணம் என்பேன். நீங்களும் ஒவ்வொரு யோசனைக்கும் மறுநாளே பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் என்றும் சொல்லுங்கள்.

நாளும் பார்த்துக் குறியுங்கள். நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3இல் முடியும்வரை இதைத் தொடாதீர்கள். பாதிப் பேர் லீவில் இருப்பார்கள்.