பாஸ்புக்கில் ஒரு 436 ரூபாய்
(வங்கிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்)

வாசகி, கும்பகோணம்: அப்பா போன மாசியில் மாரடைப்பில் தவறிவிட்டார், வயது 53. இப்போதுதான் அவர் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கினோம். இறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் ஒரு 436 ரூபாயும் ஒரு 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். யாரைக் கேட்டுப் பிடித்தார்கள்? அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?

அந்த 456 ரூபாயை விடுங்கள் அம்மா, உங்கள் வீட்டுக்கு 2 லட்சம் வர வேண்டியிருக்கலாம். 436 என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஒரு வருடப் பிரீமியம். 20 ரூபாய் சுரக்ஷா காப்பீட்டுக்கு, அது விபத்துக்கு மட்டும்தான். பழைய பக்கங்களைப் புரட்டினால் 330, 12 என்று இருக்கலாம், 2022 ஜூனுக்கு முன்னால் அதுதான் தொகை. இரண்டுமே ஜூன் 1 முதல் மே 31 வரை ஓடும், அதனால்தான் மே மாதத்தில் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அப்பா மாசியில் இறந்தபோது காப்பீடு உயிரோடு இருந்திருக்கிறது. ஜீவன் ஜோதியில் 50 வயதுக்குள் சேர்ந்து விடாமல் கட்டிவந்தால் 55 வரை உண்டு, மரணம் எப்படி நேர்ந்தது என்பதும் தடையில்லை, மாரடைப்புக்கும் கிடைக்கும்.

யாரைக் கேட்டு என்றீர்களே, அநேகமாக அப்பாவே கையெழுத்துப் போட்டிருப்பார். 2015இல் இந்தத் திட்டங்கள் வந்த புதிதில் நான் கவுன்ட்டரில் இருந்தேன், பணம் எடுக்க வந்தவர், போட வந்தவர் எல்லாரிடமும் படிவத்தை நீட்டினோம், அவர்களும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பாதிப் பேர் வீட்டில் அதைப் பற்றி மூச்சே விட்டிருக்க மாட்டார்கள். இப்படி எத்தனை குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிட்டனவோ!

நாளைக்கே அந்தக் கிளைக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், நாமினியின் பாஸ்புக் முதல் பக்க நகல், 436 பிடித்த பக்கத்தின் நகல், இவ்வளவும் கையில் இருக்கட்டும், கிளெய்ம் படிவம் அங்கேயே கிடைக்கும். கணக்கின் நாமினி அம்மாவாக இருக்கலாம், ஆனால் காப்பீட்டுப் படிவத்தில் அப்பா யார் பெயரை எழுதினார் என்பதைத் தனியாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 30 நாளுக்குள் கொடுப்பது நல்லது என்று சொல்வார்கள். தாண்டிவிட்டது என்பதற்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். “அப்புறம் வாங்க” என்று வாயால் சொன்னால் திரும்பி வர வேண்டாம், மனுவை இரண்டு நகலாக எழுதி ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இது முடியும்வரை அப்பாவின் கணக்கை மூடவும் வேண்டாம்.

20 ரூபாய் உங்களுக்கு உதவாது. ஆனால் பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவையும் அதில் விபத்துதான், ஆஸ்பத்திரி ஆவணம் இருந்தால் போதும். ஊரில் நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள்.

வாசகர், திருப்பூர்: பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கை அஞ்சு வருஷமாகத் தொடவில்லை. இப்போது போனால், மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கு அபராதம் கட்டினால்தான் உயிர்ப்பிப்போம் என்கிறார்கள்.

கட்டாதீர்கள். நாமாக எந்த வரவு செலவும் செய்யாமல் 2 வருடம் தாண்டினால் அது செயல்படாத கணக்கு. அதற்கு மினிமம் பேலன்ஸ் அபராதம் போடவும் கூடாது, உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கவும் கூடாது, 2024 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. அதற்கு முன்னால் போட்ட அபராதம் என்றாலும் இருப்பை மைனஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடையாது. கே.ஒய்.சி. தாள்களை, அதாவது அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுங்கள், அதே வங்கியின் வேறு கிளையில்கூடக் கொடுக்கலாம். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

வாசகர், தேனி: ஏ.டி.எம்.மில் 5,000 அடித்தேன், பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. மெஷின் வேறொரு வங்கியுடையது. யாரிடம் போவது?

கார்டு கொடுத்த உங்கள் வங்கியிடம்தான், மெஷின்காரரிடம் அலைய வேண்டாம். 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வரவு வைக்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். அந்த 100ஐக் கேட்காதவர்கள்தான் அதிகம். நீங்கள் கேளுங்கள்.

வாசகி, நாகர்கோவில்: எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவனை மட்டும் நாமினியாகப் போட மனசு வரவில்லை.

வர வேண்டியதில்லை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம், கூட்டினால் 100 வர வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், சொந்தக்காரர் யார் என்பதை வாரிசுச் சட்டமோ உயிலோதான் சொல்லும். லாக்கருக்கு இந்தச் சதவீதக் கணக்கு செல்லாது, அங்கே ஒருவருக்குப் பின் ஒருவர் என்றுதான் போட முடியும். ஆக, நகையை எப்படிப் பிரிப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.